அப்பா தண்ணீர் ஊற்றும் இரும்புக் குழாய்

அன்பு மகள் பூங்கோதைக்கு அம்மா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் குட்டி கயலும் மஸ்கட்டில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே நானும் அப்பாவும் இதை எழுதுகிற நேரம் வரைக்கும் சௌக்கியம். போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று யோசிப்பாய், வீட்டில் இருக்கும் ஒரே பட்டன் போன் எந்நேரமும் அவர் சட்டைப்பையில்தான் கிடக்கிறது, நீ பேசினால் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார். அவர் காதில் விழாமல் சொல்ல எனக்கு வேறு வழி இல்லையடி.

நீ காலேஜில் படித்தபோது வாங்கிய கம்ப்யூட்டர் படுத்துகிறது என்று அப்பா உன்னிடம் புலம்பினார் அல்லவா. நீ வீடியோவில் கூப்பிட்டு கயல் முகம் வந்தவுடன் படம் நாலு பக்கமும் சுருங்கும், நடுங்கும், கறுத்துப் போகும், பெட்டி தானாக அணைந்து தானாகத் திரும்ப எழும். கும்பகோணத்தில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் முகம்மது யூசுப்பிடம் ஸ்கூட்டரில் கட்டி எடுத்துப் போனார். அந்தத் தம்பி கேபிளை மாற்றினார், வேறு மானிட்டரை மாட்டிப் பார்த்தார், கடைசியில் உள்ளே இருக்கும் பவர் சப்ளைதான் வீக் என்று புதிதாகப் போட்டுக் கொடுத்தார். கடையில் அருமையாக ஓடியதாம். வீட்டில் மாட்டியதும் பழையபடி சுருங்கியது, அந்த வாரமே புது பவர் சப்ளையும் கருகி வீடெல்லாம் ஒரே நாற்றம். உங்கப்பா விடுவாரா, அடுத்ததை வாங்கக் கிளம்பிவிட்டார். நடுவில் ஒரு நாள் நல்ல மழை பெய்தது. அன்றைக்கு மட்டும் படம் முழுசாக நின்றது, டியூப் லைட்டும் பளிச்சென்று எரிந்தது. மண் காய்ந்ததும் மறுபடி சுருங்கிவிட்டது. அப்போதுதான் கோளாறு பெட்டியில் இல்லை, வீட்டுக் கரண்டில் என்று எனக்குப் புரிந்தது.

கோயில் குத்தகை நிலத்துண்டுக்காகப் பக்கத்து வீட்டுப் பஞ்சநதத்தோடு நமக்கு வழக்கு நடப்பது உனக்குத் தெரியும். ஆட்சி மாறும்போதெல்லாம் ஒருத்தர் கை ஓங்குகிறது, துண்டு மட்டும் தரிசாகவே கிடக்கிறது. நமக்குக் கரண்ட் வரும் போஸ்ட் அதில்தான் நிற்கிறது. போன வருஷம் சித்திரைக் காற்றில் இரண்டு கம்பியில் கரண்ட் திரும்பிப் போகிற நியூட்ரல் கம்பி அறுந்துவிட்டது. கட்ட வந்த லைன்மேனை, கேஸு முடியாம இங்க யாரும் ஏணி வைக்கக் கூடாதுன்னு பஞ்சநதம் திருப்பி அனுப்பிவிட்டார். அவன்கிட்ட போயி நான் நிக்கணுமான்னு அப்பாவுக்கு வீம்பு. மோட்டார் கொட்டகையில் சில பேர் செய்கிற மாதிரி, மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் ஒரு இரும்புக் குழாயை அடித்து, அறுந்த கம்பிக்குப் பதிலாக அதிலிருந்து ஒயரை வீட்டுக்குள் இழுத்துவிட்டார். மண் ஈரமாக இருந்தால்தான் கரண்ட் அதன் வழியே திரும்பிப் போகுமாம், ஈரம் இருந்தவரை ஓடியது. இந்த வருஷம் மேட்டூர் அணை திறக்கவில்லை, வாய்க்கால் வறண்டு மண் வெடித்துக் கிடக்கிறது. யூசுப் தம்பியை வரவழைத்துக் காட்டினேன். கையோடு கொண்டுவந்த வோல்ட் மீட்டரைக் குழாயில் வைத்துப் பார்த்தவர் சட்டென்று பின்னால் நகர்ந்தார். வீட்டுக்கு வர வேண்டிய கரண்ட்ல பாதிக்கு மேல இந்த மண்ணுல நிக்குதும்மா, யாரும் கிட்ட போகாதீங்க என்றார். அப்பா சிரித்தார்.

சிரித்தவர் செய்கிற காரியத்தைக் கேள். நீ பேசுகிற நாள் வந்தால் குடத்தைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குப் பின்னால் போகிறார், வெறுங்காலோடு நின்று குழாயைச் சுற்றித் தண்ணீர் ஊற்றுகிறார். மெயினை அணைத்துவிட்டாவது ஊற்றுங்கள் என்றால், ஓடும்போது ஊத்தினாத்தானே படம் விரியறது தெரியும் என்கிறார். நான் கம்ப்யூட்டர் முன்னால் நின்று, விரிஞ்சிடுச்சு, போதும், வாங்க என்று சத்தம் போட வேண்டும். அவர் பதில் கொடுக்கும் வரை என் உயிர் என்னிடம் இல்லை. செவலைக் கன்றைப் பாம்பு கடித்தது என்று உன்னிடம் சொன்னோமே, பாம்பும் இல்லை ஒன்றும் இல்லை. அந்த ஈரத்தில் காலை வைத்தது, துள்ளி விழுந்தது, எழுந்திருக்கவே இல்லை. அப்பாவுக்கும் தெரியும். தெரிந்தும் போகிறார், பேத்தி முகம் அப்படி இழுக்கிறது.

நேற்று அவர் வயலுக்குப் போனதும் நான் பஞ்சநதம் வீட்டுப் படி ஏறினேன். எத்தனை வருஷம் பேச்சுவார்த்தை இல்லை. லைன்மேனைக் கம்பி கட்ட விடச் சொல்லி நான் கேட்டதும் அவர் சம்சாரம் கமலாம்பாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நெலம் கோர்ட்டுல கெடக்கட்டும் அக்கா, உசுரு போனா எந்தக் கோர்ட்டு குடுக்கும், அவுகளை நான் சரிக்கட்டுறேன், கொஞ்ச நாள் பொறுத்துக்கங்க என்றாள். அந்தக் கொஞ்ச நாளை நினைத்தால்தான் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதனால் நீ ஒன்று செய். உன் கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சு, சரியாக நாளாகும் என்று அப்பாவிடம் சொல்லிவிடு. தண்ணீர் ஊற்றாதீர்கள் என்று மட்டும் சொல்லாதே, உன்னிடம் சரி என்பார், எனக்குத் தெரியாமல் குடத்தைத் தூக்குவார். கயலைக் காட்டச் சொல்லிக் கெஞ்சுவார், மனசு இளகிவிடாதே. பொய் சொன்ன பாவம் என்னோடு போகட்டும்.

நீங்கள் மூன்று பேரும் நன்றாக இருக்க வேண்டும் என்று சுவாமிமலை முருகனை வேண்டிக்கொண்டிருக்கிறேன். குழந்தையை ப்ளக் பக்கம் விடாதே. கடிதம் கிடைத்த அன்றே அப்பாவிடம் சொல்லிவிடு, மறந்துவிடாதே. கயல் முகத்தை நான் பிறகு பார்த்துக்கொள்கிறேன். கூப்பிட்டால் அவர் குரல் வர வேண்டும், எனக்கு அது போதும்.

உன் நினைவாகவே இருக்கும் அம்மா,
தர்மாம்பாள்