உள்ளங்கையில் ஒரு பால்ரஸ்

24-8-82, செவ்வாய்

காலையிலிருந்து புழுக்கம். மேகம் கூடிக் கூடிக் கலைகிறது. பகல் டியூட்டி. பிள்ளையார் சதுர்த்தி முடிந்து கடைகள் எல்லாம் திறந்துவிட்டதால் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் போர்டில் ஓயாத வேலை. காஞ்சிபுரம் லைன் இரண்டு முறை கெட்டது. அரிசி மில்காரர் என்னைத் திட்டினார், லைனை நானே அறுத்துவிட்டது போல.

ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள். எழுதிவிட்டேன். எழுதிப் பார்த்தால்தான் நிஜம் போல இருக்கிறது.

உர டிப்போ கிளார்க் தணிகாசலம். மாகறல்காரர். (இனிமேல் த. என்று மட்டும். அம்மா எழுத்துக்கூட்டிப் படிப்பாள்.) ஒரு வருஷமாக வெளியூருக்கு டிரங்கால் கேட்டுக் கேட்டே பழக்கம். முதலில் "நம்பர் கொடுங்க." பிறகு "சாப்ட்டீங்களா?" பிறகு பில் கட்டும் சாக்கில் ஜன்னலுக்கு வந்து நிற்பது. அவராகவே வீட்டில் சொல்லி, அவராகவே தரகரை அனுப்பினார்.

அம்மாவுக்கு ஒரே கவலை, என் கை.

"அன்னிக்காவது கைய சும்மா வச்சிக்கினு ஒக்காருடி. எந்நேரமும் எதையாவது உருட்டிக்கினே கீற."

சரி என்றேன்.

வாங்க: ஹேர்பின், குட்டிகுரா பவுடர், சேலைக்கு ஃபால்ஸ் துணி.

26-8, வியாழன்

மழை இல்லை. தலைவலி.

கூட வேலை செய்யும் டெய்சி அக்கா என் மேஜை டிராயரைத் திறந்து சிரித்தாள். "கோமதி, இது டிராயரா, காயலாங்கடையா?" உள்ளே இருந்தவை: நைனாவின் சைக்கிள் கடை பால்ரஸ், கோலி அளவு இரும்புக் குண்டு ஒன்று, புளியங்கொட்டை ஒரு பிடி, காய்ந்த பீர்க்கங்காய் நார், வெல்வெட் துண்டு (சித்தியின் ரவிக்கையில் மிஞ்சியது), ரப்பர் பேண்டு உருண்டை.

அக்காவுக்குச் சொன்னேன். யாராவது கத்தினால் நார். சொரசொரவென்று விரலில் படும்போது கத்தல் தள்ளிப் போய்விடும். கணக்குப் பார்க்கும்போது புளியங்கொட்டை. அழுகை வரும்போல இருந்தால் வெல்வெட். எல்லாவற்றுக்கும் பால்ரஸ். முதலில் சில்லென்று இருக்கும், மெல்ல மெல்ல நம் சூட்டுக்கு வரும். அது சூடாவதற்குள் மனசு ஒரு இடத்தில் உட்கார்ந்துவிடும்.

போர்டில் இருக்கும்போது மட்டும் இது எதுவும் வேண்டாம். கார்டு வயரை இழு, சொருகு, கீயைத் தள்ளு. கைக்கு வேலை இருக்கிறது. மூன்று வருஷத்தில் தப்பு நம்பர் கொடுத்தேன் என்று ஒரு புகார் இல்லை.

பள்ளிக்கூடத்தில் இதற்காகப் பட்ட அடி கொஞ்சமா. ஸ்கேலால் விரல் கணுவில். கையில் எதுவும் இல்லாவிட்டால் டீச்சர் சொல்வது காதில் விழும், உள்ளே போகாது. யாரிடம் சொல்ல.

த.வுக்குத் தெரியும். போன பொங்கலுக்கு முன்னால் கேட்டார், "இன்னா அது, எப்பவும் கையில?" காட்டினேன். வாங்கி உருட்டிப் பார்த்து, "நல்லாத்தான் கீது. நம்ம மேனேஜர் திட்டும்போது எனக்கும் ஒண்ணு வேணும்" என்றார். அன்றைக்குத்தான் முடிவு செய்தேன், இவர்தான் என்று. அவரிடம் சொல்லவில்லை.

இன்று சாயங்காலம் ஜன்னலுக்கு வந்தார். சிரித்தார். போகும்போது குரலை இறக்கி, "அம்மா கொஞ்சம் பழைய ஆளு. அன்னிக்கு மட்டும் அந்தக் குண்டு வேணாமே" என்றார்.

சரி என்றேன். இவரிடமும்.

29-8, ஞாயிறு

வெயில். அவர்கள் பத்தரைக்கே வந்துவிட்டார்கள்.

எழுத வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

த., அவர் அம்மா, தரகர், வேனில் ஒரு பட்டாளம். கேசரி, பஜ்ஜி. பச்சைப் பட்டு, அம்மாவுடையது. காபித் தட்டை ஒழுங்காகவே கொடுத்தேன். நமஸ்காரம் செய்தேன். பாயில் உட்கார்ந்தேன்.

கேள்வி மேல் கேள்வி. சமையல், ஷிஃப்டு, மாகறலில் இருந்து பஸ்ஸில் வந்துபோக முடியுமா, வேலையை விடுவியா. ஃபேன் சத்தம், குழந்தைகள் சத்தம், பத்துப் பேர் கண்கள். அவர் அம்மாவின் வாய் அசைவது தெரிகிறது, வார்த்தை வரவில்லை. முந்தானை நுனியைத் திருகினேன். அம்மா பின்னாலிருந்து கிள்ளினாள். விட்டேன்.

பால்ரஸை இடுப்பில் செருகியிருந்தேன். ஆமாம், இரண்டு பேரிடம் சரி என்று சொல்லிவிட்டும் செருகியிருந்தேன். எடுத்து உள்ளங்கையில் வைத்தேன். சில்லென்றது. உடனே அவர் அம்மா கேட்டது காதில் விழுந்தது. "சொந்தத்துல யாருக்காவது சக்கரை வியாதி கீதா?" "இல்லீங்க" என்றேன், தெளிவாக. அந்த அம்மாள் முகம் மலர்ந்தது. இன்னும் கொஞ்ச நேரம்தான் என்று நினைத்தேன்.

வேர்வை. நழுவிவிட்டது.

சிமெண்ட் தரையில் அது உருண்ட சத்தம். எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். நேராகப் போய் அவர் அம்மாவின் கால் விரலில் இடித்து நின்றது.

"இன்னாம்மா இது?"

என் அம்மா முந்திக்கொண்டாள். "பசங்க வெளயாடற குண்டுங்க."

"பொண்ணு இடுப்புலேர்ந்து எடுத்ததை நான் பாத்தேனே. இன்னா, மந்திரிச்சதா?"

பொய் சொல்ல வரவில்லை. "இல்லீங்க. அது கையில இருந்தா மனசு ஒரு நெலையில நிக்கும். சின்ன வயசுலேர்ந்து பழக்கம்."

அந்த அம்மாள் கோபப்படவில்லை. நிதானமாகத்தான் கேட்டார்.

"அப்போ இல்லாட்டி?"

நான் த.வைப் பார்த்தேன். ஒரு வார்த்தை போதும். எனக்குத் தெரியும்மா, நானே உருட்டிப் பார்த்திருக்கேன் என்று ஒரு வார்த்தை. அவர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். தேதியை முதல் முறை பார்ப்பவர் போல.

போகும்போது தரகர், "கலந்து பேசிட்டு சொல்றோம்." பஜ்ஜி பாதிக்கு மேல் மிச்சம்.

30-8, திங்கள்

டியூட்டி. த.விடமிருந்து ஒரு கால்கூட இல்லை. திங்கட்கிழமை உர டிப்போவிலிருந்து கால் வராத நாள் இதுவரை கிடையாது.

1-9, புதன்

தூறல், கடைசியில்.

தரகர் வந்தார். உட்காரவில்லை, குடையையும் மடக்கவில்லை. "பொண்ணுக்கு நரம்புக் கோளாறுன்னு அவங்க வூட்ல பேசிக்கறாங்க. வலிப்பு கிலிப்பு வருமோன்னு பயப்படறாங்க."

அம்மா என்னைத் திட்டவில்லை. அழவும் இல்லை. பீரோ அடியில் இதே சாமான்களைப் போட்டு நான் வைத்திருந்த டப்பாவை எடுத்துப் போய்ப் பின்பக்கச் சாக்கடையில் கவிழ்த்தாள். புளியங்கொட்டையும் பால்ரஸும் சாக்கடையோடு போயின. நைனா கடையிலிருந்து சாப்பிட வந்தவர் அதைப் பார்த்துவிட்டார்.

"எதுக்கு இப்போ இது?"

"இந்தச் சனியனாலதானே எல்லாம் போச்சு."

"ஏன், நான் நாளெல்லாம் பீடி புடிக்கறேன். நீ கன்னத்துல வெத்தல அடக்கிக்கினே கீற. நம்மள யாரு நரம்புக் கோளாறுன்னு சொன்னா? அது பாவம், ஒரு குண்ட உருட்டுது."

அம்மா அப்போதுதான் அழுதாள். நானும்.

நைனா சாப்பிடாமல் போய்விட்டார்.

வண்ணானிடம் பச்சைப் பட்டு போடக் கூடாது. நிழலில் காயவைத்தால் போதும்.

4-9, சனி

வெயில். போன மாத பில் கட்ட ஜன்னலில் கூட்டம். கூட்டம் போன பிறகு த.

"கோமதி."

பில்லை வாங்கினேன். முத்திரை குத்தினேன்.

"அம்மா ஒரே புடியா கீறாங்க. நான் எவ்ளோ சொல்லிப் பாத்தேன்."

"எப்போ சொன்னீங்க?"

"வூட்டுக்குப் போனப்புறம்."

"எங்க வூட்ல ஏன் சொல்லல?"

ஜன்னல் கம்பியைச் சுரண்டிக்கொண்டு நின்றார். பெயிண்ட் உதிர்ந்து கொட்டியது.

"அத்தினி பேர் முன்னாடி எப்படிச் சொல்றது..."

"நான் சொன்னேனே."

முகம் தொங்கிவிட்டது. அதைப் பார்த்ததும், இவ்வளவுக்குப் பிறகும், பாவம் என்று தோன்றியது. அதுதான் தாங்கவில்லை. ரசீதைத் தள்ளினேன். "அடுத்தவங்க நிக்கறாங்க" என்றேன். யாரும் நிற்கவில்லை.

டெய்சி அக்கா டீ வாங்கிக் கொடுத்தாள். ஒன்றும் கேட்கவில்லை. நல்லவள்.

6-9, திங்கள்

சாப்பாடு இறங்கவில்லை. டிராயரில் வெல்வெட் துண்டு இருக்கிறது, தொடவில்லை. இது வேறு விதமான வலி. கைக்கு எட்டவில்லை.

கனகாம்பரம் விற்கும் கிழவி, "இன்னா கண்ணு, பூ வேணாமா? மாப்ள பாத்துட்டுப் போனாங்களாமே" என்றாள். ஊருக்கே தெரிந்திருக்கிறது.

9-9, வியாழன்

மப்பு. மத்தியான டியூட்டி. டெய்சி அக்கா லீவு. போர்டில் நான் மட்டும்.

மூன்றரை மணிக்கு மெட்ராஸிலிருந்து டிரங்கால். உர டிப்போ, தணிகாசலம், பெயர் சொல்லிக் கேட்ட கால். டிப்போவுக்கு மணி அடித்தேன். வேறு யாரோ எடுத்து அவரைக் கூப்பிடப் போனார். பின்னால் மூட்டை இறக்கும் சத்தம். செருப்புச் சத்தம்.

"ஹலோ."

"மெட்ராஸ் லைனில் இருக்கிறார்கள், பேசுங்கள்" என்றேன். என் குரலை அவர் கண்டுபிடித்தாரோ இல்லையோ, தெரியாது.

இரண்டு பக்கமும் கேட்கிறதா என்று பார்த்துவிட்டுக் கீயை மூட வேண்டும்; மூடினால் பேச்சு எங்களுக்குக் கேட்காது. மூடவில்லை. கை போகவில்லை.

"தணிகா, மாமா பேசறேன். பூந்தமல்லிப் பொண்ணு முடிஞ்ச மாதிரிதான். டீச்சர் டிரெய்னிங் முடிச்சிருக்குது. அடக்கமான பொண்ணு, கை கால் எல்லாம் சுத்தம். ஐப்பசியில நாள் வச்சுக்கலாமான்னு கேக்கறாங்க."

மூட்டை சத்தம். இன்னும் ஒரு மூட்டை.

"இன்னாப்பா, கேக்குதா?"

"கேக்குது மாமா."

"இன்னா சொல்ற?"

"அம்மாவுக்குச் சரின்னா சரி."

"அம்மாவ வுடு. உனக்கு?"

"...சரி மாமா."

பிறகு மண்டபம், பத்திரிகை, யாரைக் கூப்பிடுவது. டைமர் விளக்கு எரிந்தது. மூன்று நிமிடம் ஆனால் நடுவில் புகுந்து கேட்க வேண்டும். விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு கேட்டேன். குரல் நன்றாகத்தான் வந்தது.

"மூன்று நிமிடம் முடிந்தது. நீட்டிக்கலாமா?"

"கோமதி?" என்றார் த.

"எக்ஸ்சேஞ்ச்" என்றேன்.

மாமா, "இன்னும் ஒரு மூணு நிமிஷம் குடும்மா, கல்யாண விஷயம்" என்றார்.

கொடுத்தேன்.