பலகையில் எழுதாத மழை

19 நவம்பர் 2005, சனி

காலையில் தூறல், பிறகு வெயில். பெரம்பலூர் முதல் பஸ்ஸில் பேப்பர் வந்தது. நூலகத்துக்கு வெளியே கரும்பலகையில் வழக்கம்போல வானிலையை எழுதிப் போட்டேன்: 'ஓரிரு இடங்களில் லேசான மழை.' உள்ளே வந்து பேப்பர் படிக்கிறவர்கள் ஐந்து பேர். பலகையைப் பார்த்துவிட்டுக் காட்டு வேலைக்குப் போகிறவர்கள் ஐம்பது பேர். ராசிபலனை நம்பாதவன்கூட என் பலகையை நம்புகிறான். எனக்கும் அதில் கொஞ்சம் கர்வம்தான்.

வெங்காயம் பிடுங்க நல்லுசாமி அண்ணனுக்குத் திங்கட்கிழமை ஆள் வருகிறது. அவர் காட்டுக்கு அடுத்த காடு என்னுடையது. எனக்கு வியாழன். பொன்னுத்தாய் கூட்டத்தை விட்டால் வேறு ஆளே இல்லை, முறை போட்டுத்தான் வருவார்கள். அண்ணனுக்கு இது முதல் சொந்த வெள்ளாமை. முப்பது வருஷம் அடுத்தவர் காட்டில் பிடுங்கியவர். "இந்த வாட்டி நான் கூலிக்கு ஆள் வச்சிருக்கேன் தம்பி" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

20, ஞாயிறு

பேப்பரில்: வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு. செவ்வாய் மாலை முதல் மூன்று நாள் கனமழை.

என்னுடைய முறை வியாழன்.

பலகையில் 'வறண்ட வானிலை' என்று எழுதினேன். பேப்பரை மடித்து என் பைக்குள் வைத்துக்கொண்டேன். மலர்க்கொடி அக்கா வந்தார். நல்லுசாமி அண்ணன் மனைவி. அறிவொளி வகுப்பில் என்னிடம் எழுத்துக்கூட்டக் கற்றவர். விரலை நீட்டி வாசித்தார்: "வ... ற... ண்... ட. மழ இல்லீங்களா சார்?"

"இல்லக்கா."

வியாழக்கிழமை எனக்கு அரியலூரில் வேலை இருக்கிறது, முறையை மாற்றிக்கொள்ளலாமா என்றும் கேட்டுவிட்டேன். பொய்க்குத் துணையாக இன்னொரு பொய். சாயங்காலம் அண்ணனே வீடு தேடி வந்து, "மழதான் இல்லையாமே, மொதல்ல நீங்க பிடுங்கிக்கங்க" என்றார். வாய் கூசவேயில்லை எனக்கு. அதுதான் இப்போது பயமாக இருக்கிறது.

21, திங்கள்

பிடுங்கியாயிற்று. நல்ல திரட்சி. நல்ல வெயிலும்கூட.

22, செவ்வாய்

வெங்காயத்தைத் தாள் அறுத்து முடித்துக் காட்டிலேயே குவித்திருந்தோம். நான்கு மணிக்கெல்லாம் செட்டிகுளம் மலை மழை மேகத்தில் மறைந்துவிட்டது. என்னிடம் இருந்த தார்ப்பாய் பாதிக் குவியலுக்குத்தான் எட்டியது. நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தபோது வரப்பில் யாரோ ஓடி வந்தார்கள். நல்லுசாமி அண்ணன், தலையில் அவர் வீட்டுத் தார்ப்பாய்.

"அண்ணே, உங்களுக்கு?"

"என்னுது மண்ணுக்குள்ளதான கெடக்கு. உங்களுது வெளியில கெடக்குல்ல. புடிங்க தம்பி அந்த முனைய!"

பிடித்தேன். நான் என்ன ஜென்மம்?

23, புதன்

விடாத மழை. நூலகம் போனேன். பலகையில் ஒரு எழுத்து இல்லை. நான் எழுதின பொய்யை மழையே அழித்துவிட்டது.

24

மழை.

25

மழை. நூலகத்துக்கு விடுமுறை. பைக்குள் அந்தப் பேப்பர் அப்படியே இருக்கிறது.

26, சனி

மழை வெறித்துவிட்டது. அண்ணன் காட்டில் கணுக்கால் தண்ணீர். அவர் குனிந்து ஒன்றைப் பிடுங்கினார். தாள் மட்டும் கையோடு வந்தது. இன்னொன்று. அதுவும் அப்படித்தான். மூன்றாவதைப் பிடுங்கவில்லை.

டீக்கடையில் காசிநாதன், "பேப்பர்காரன் வறண்ட வானிலைன்னு போட்டானே, அவன் நாக்கு அழுக!" என்று கத்தினார். அண்ணன்தான் அடக்கினார். "அவன் என்ன வானத்துல ஏறியா பாத்தான்? உடுப்பா."

பேப்பர்காரனை மன்னித்துவிட்டார். பாதி டீயை வைத்துவிட்டு வந்தேன்.

27

மனைவி தேவயானியிடம் சொன்னேன். "இப்ப சொல்லி அவுங்க வெங்காயம் மொளைக்கவா போவுது? நம்மளுதாச்சும் தப்பிச்சுதே" என்றாள். நியாயமாகத்தான் பட்டது. இரண்டு மணி நேரத்துக்கு.

29, செவ்வாய்

போனேன். பேப்பரை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்கே போனேன். சொல்ல வாய் வரவில்லை. மலர்க்கொடி அக்கா கையில் கொடுத்தேன். விரல் வைத்து வாசித்தார். "செவ்வாய்... மாலை... கன... கனமழ." பிறகு விரல் மேலே போய்த் தேதியில் நின்றது.

"இது ஞாயித்துக்கெழம பேப்பரா சார்?"

"ஆமாக்கா. தெரிஞ்சேதான் மாத்தி எழுதுனேன். ஆள் எனக்கு மொதல்ல வேணும்னு." பட்டறை போட்டுச் சேமித்திருக்கும் வெங்காயத்தில் பாதி உங்களுடையது என்றேன். எதையெதையோ உளறினேன். கை கூப்பினேன்.

அண்ணன் திட்டுவார், அடிப்பார் என்றுகூட நினைத்துத்தான் போயிருந்தேன்.

"தார்ப்பாயக் காலையில குடுத்துவுடுங்க" என்றார். தம்பி என்று சொல்லவில்லை.

30

தார்ப்பாயைத் துடைத்துக் காயவைத்து, மூன்று மூட்டை வெங்காயத்தோடு கொண்டுபோனேன். தார்ப்பாயை மட்டும் எடுத்துக்கொண்டார்.

3 டிசம்பர்

நான்கு நாளாகப் பலகையில் எழுதவில்லை. சாக்பீஸை எடுக்கிறேன், வைத்துவிடுகிறேன். 'என்ன, வானிலையைக் காணோம்?' என்று காசிநாதன் கேட்டார். டீக்கடையில் எல்லார் முன்னாலும் அவரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் காறித் துப்பிவிட்டுப் போனார். சரிதான்.

6, செவ்வாய்

காலை ஒன்பது மணி. மலர்க்கொடி அக்கா வந்தார். பலகை இருக்கும் பக்கமே திரும்பவில்லை. செருப்பை வாசலில் விட்டுவிட்டு நேராக உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். இத்தனை வருஷத்தில் அவர் நூலகத்துக்குள் வந்தது இதுதான் முதல் தடவை. பேப்பரைத் தானே விரித்து, பக்கம் பக்கமாகத் தேடி, வானிலையைக் கண்டுபிடித்தார். உதடு அசைய அசைய இரண்டு தடவை வாசித்தார்.

பேப்பரை மடித்துவிட்டு எழுந்து வெளியே போய்ப் பலகைக்குப் பக்கத்தில் நின்றார்.

"சாக்பீஸ் எடுத்துட்டு வாங்க சார். நான் சொல்றேன், நீங்க எழுதுங்க."

அவர் ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். எழுதினேன். எழுதி முடித்ததும் விரல் வைத்துச் சரிபார்த்துவிட்டுக் காட்டுக்குப் போனார்.