மகள் வீட்டுக் கேட்

மச்சான்,

அஸர் தொழுகைக்கு வுழூச் செய்யக் குழாயடியில் குந்தினேன். கையில் கிரீஸ் மணத்தது. நாலு நாளாகச் சவர்க்காரம் போட்டும் நகக்கண்ணை விட்டுப் போகவில்லை. கடையில் உட்கார்ந்து மற்றவரை வேலை வாங்கியே பழகிப்போன கை இது. இந்த மணம் உன்னுடையது. தொழுதுவிட்டு வந்து அப்படியே எழுதத் தொடங்கிவிட்டேன். உனக்குச் சொல்ல ஒரு வெற்றிச் செய்தி இருக்கிறது.

இளைய மகளின் கலியாணம் ஞாயிற்றுக்கிழமை நிந்தவூரில் நல்லபடி நடந்தது. எங்கள் வழக்கம் உனக்குத் தெரியும். மகளுக்கு வீட்டைக் கட்டிக் கொடுத்து, மாப்பிள்ளையை அந்த வீட்டுக்கு அழைப்போம். அந்த வீட்டு வாசலில் நீ பொருத்திப் பூட்டிய தானியங்கிக் கேட், வெள்ளிக்கிழமை காலை, பாதி திறந்து நின்றுவிட்டது. நின்றதோடு விடாமல் ஒரு சாண் பின்னுக்கும் வந்தது, மாப்பிள்ளையை உள்ளே விட இஷ்டமில்லாததுபோல.

அதைப் பூட்டித் தரும்படி நான் கேட்ட நாள் நினைவிருக்கிறதா? கல்முனையில் வயல்காரரின் தண்ணிப் பம்புகளுக்கு மோட்டர்க் கம்பி சுற்றிக்கொண்டிருந்தாய்; கைவேலைக்காரரைப் பாஸ் என்கிற எங்கள் ஊரில் நீ பம்பு மோட்டர் பாஸ். நான் சைக்கிளில் பிளாஸ்டிக் வாளி கட்டிக்கொண்டு திரிந்த காலத்திலிருந்தே நமக்குள் பழக்கம். கடை வைத்து நான் பெரிய ஆளானபோது ஊரெல்லாம் மரியாதைக்கு முதலாளி என்றது. நீ மட்டும் நக்கலுக்குச் சொன்னாய். “கேட்டைக் கையால தள்ளினா முதலாளிக்கு மதிப்புக் குறைஞ்சிருமாக்கும்” என்றாய். சொல்லிவிட்டு, மோட்டரையும் கேட்டை இழுக்கும் பல் சட்டத்தையும் வரவழைத்து, நாலு நாள் அந்த வாசலிலேயே கிடந்தாய். கடல் காற்று உள்ளே போய் உப்புப் பிடிக்கும் என்று பெட்டியின் ஒவ்வோர் ஓட்டையையும் பம்பு ரப்பரால் அடைத்தாய். இந்த அளவு தேவையா என்று கேட்டதற்கு, அடுத்த ஓட்டைக்கு ரப்பர் வெட்டினாய்.

கடைசி நாள் பெட்டியைத் திறந்து ஒரு சின்னக் குமிழைக் காட்டினாய். மோட்டர் எவ்வளவு பலமாகத் தள்ள வேண்டும் என்பதைக் கூட்டிக் குறைப்பது அது. உன் மனைவியின் சிவப்பு நகப்பூச்சால் அதில் ஓர் அடையாளம் வைத்திருந்தாய்.

“கேட் நிண்டா இதைத் தொடாத மச்சான். உனக்கு எதையும் கூட்டித்தான் பழக்கம். மோட்டரைக் கழட்டிவிட்டுட்டுக் கையால தள்ளிப் பாரு. கைக்குப் பாரமெண்டா மோட்டருக்கும் பாரம்தான்.”

ஒளிக்காமல் சொல்கிறேன், வெள்ளிக்கிழமை நான் முதலில் தொட்டது அந்தக் குமிழைத்தான். முழுதாகக் கூட்டிவிட்டேன். இரண்டு தரம் முனகிக்கொண்டு திறந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. மூன்றாம் தரம் கருகல் மணம் வந்து, பெட்டியில் எரிந்த வெளிச்சமும் செத்துவிட்டது.

மூத்த மருமகன் உடனே கொழும்பில் ஒரு கம்பெனிக்குப் போன் எடுத்து வீடியோவில் காட்டினார். மோட்டரை இயக்கும் போர்ட் எரிந்துவிட்டது, எல்லாவற்றையும் கழற்றிப் புதிதாகத்தான் பூட்ட வேண்டும், சனிக்கிழமை பகலுக்கு வான் வண்டியில் சாமானோடு வருகிறோம் என்றார்கள். மருமகன் நல்ல பிள்ளை. ஆனால் வாய் கொஞ்சம் முந்தும்.

“மாமா, பம்பு மோட்டர் பாஸை வெச்சுக் கேட் செஞ்சா இப்பிடித்தான். மௌத்தாப் போனவர்ட வேலையை இனி யாரு பாக்குற?”

எனக்குச் சுருக்கென்றது. நீ போய் ஒன்பது மாதம். மெதடிஸ்ட் கல்லறையில் உன்னை இறக்கியபோது ஒரு பிடி மண் போட்டதைத் தவிர, உனக்காக நான் ஒன்றுமே செய்ததில்லை. உன் கையால் ஆனது என்று என் கண் முன்னால் மிச்சமிருப்பது அந்தக் கேட் ஒன்றுதான். அதைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, அந்த ஆள் செய்தது சரியில்லை என்று ஊர் கதைக்க விடுவதா? வான் வரும்வரைக்கும் ஒருவரும் அதில் கை வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

சனிக்கிழமை விடிய சுபஹு தொழுத கையோடு வாசலுக்குப் போனேன். சாவித் துளையில் திறப்பைப் போட்டு மோட்டரின் பிடியை விடுவித்துவிட்டுக் கையால் தள்ளினேன். பாதி தூரம் லேசாக ஓடியது. அதற்கு மேல் தோளைக் கொடுத்தும் அசையவில்லை. முழங்காலிட்டுக் கீழே பார்த்தேன். கேட் ஓடுகிற தண்டவாளத்தைக் காணவில்லை.

கலியாண வீடென்றால் வீட்டைச் சுற்றியுள்ள வளவுக்குப் புது மண் பரப்பாமல் எங்கள் ஆட்களுக்கு மனம் ஆறாது. வியாழக்கிழமை நாலு டிராக்டர் வெள்ளை மண் இறக்கினோம். மதிலோரம் பள்ளமாகத் தெரிகிறது, இன்னும் கொட்டுங்கள் என்று நின்று விரட்டியவன் நான்தான். பிறகு தண்ணீர் தெளித்துத் தட்டி மட்டப்படுத்தினார்கள். கேட் உள்ளே ஓடுகிற வழி முழுவதும் மண்ணுக்குள் இறுகிக் கிடந்தது. பாரம் தாங்காமல் அது நின்று பின்னுக்கு வந்தது பழுதே இல்லை. நீ அதற்குக் கொடுத்திருந்த புத்தி. கெடுத்தது நான்.

தேங்காய்ச் சிரட்டையால் தோண்டினேன். மனைவி தேத்தண்ணியோடு வந்து, “ஊருல கூலியாள் இல்லையா, நீங்களா கிண்டுற?” என்றாள். இதை நான்தான் செய்ய வேண்டும் என்றேன். அவள் தும்புத்தடியை எடுத்து வந்து பின்னால் கூட்டினாள். மண் திரும்ப விழாமல் இரண்டு பக்கமும் செங்கல் அடுக்கி, கேட்டின் அடிச் சில்லுகளைக் கழுவி, கிரீஸ் பூசினேன். குமிழைச் சிவப்பு அடையாளத்துக்குத் திருப்பினேன். பெட்டிக்குள் பார்த்தால், கருகியிருந்தது போர்ட் அல்ல, பியூஸ் மட்டும்தான். எந்த அளவு வாங்குவது என்று யோசித்தபடி பெட்டி மூடியைப் புரட்டினேன். உட்புறத்தில் டேப் ஒட்டி, அதே அளவுப் பியூஸ் ஒன்று இருந்தது.

நீ அதை ஒட்டி வைத்ததை எனக்குச் சொல்லவே இல்லை. என்னை அவ்வளவு நன்றாக அறிந்திருக்கிறாய். டேப்பைக் கிழிக்காமல் மெல்ல உரித்தெடுத்தேன்.

பியூஸைப் போட்டதும் வெளிச்சம் வந்தது. ரிமோட்டின் பொத்தானை அமத்தினேன். கேட் முனகாமல், நில்லாமல், கடைசிவரை போனது. திரும்ப மூடினேன். திரும்பத் திறந்தேன். பதினைந்து தரமாவது செய்திருப்பேன். மனைவி ரிமோட்டைப் பறித்துக்கொண்டாள்.

பகல் லுஹருக்குக் கொஞ்சம் முந்தி கொழும்பு வான் வந்து ஹோர்ன் அடித்தது. நான் வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தேன். அவர்கள் கழற்ற வந்த கேட், அவர்களுக்கே திறந்து வழிவிட்டது. இறங்கியவர் பெட்டியைத் திறந்து வெகுநேரம் பார்த்தார். போர்டில் ஒரு குறையும் இல்லை என்றார். அடைத்த ஓட்டைகளையும், நீ நிறம் பிரித்துக் கட்டியிருந்த வயர்களையும் தொட்டுப் பார்த்தார்.

“இதை யாரு செஞ்ச? எங்கட ஆக்கள் பூட்டினாலும் இவ்வளவு துப்பரவா வாறல்ல.”

பம்பு மோட்டர் பாஸ் என்றேன், மருமகனைப் பார்க்காமல். வந்தவர் போனை எடுத்துப் பெட்டியைப் படம் பிடித்துக்கொண்டார். வயிறு நிறையச் சோறு கொடுத்து, கொண்டுவந்த சாமானோடு அனுப்பிவைத்தேன்.

ஞாயிறு பின்னேரம் மாப்பிள்ளை ஊர்வலம் தெரு முனைக்கு வந்தபோது, உன் மனைவி பெண்களோடு முன்வரிசையில் இருந்தா. மூத்த மருமகன் நேரே போய் ரிமோட்டை அவவின் கையில் வைத்து, “அக்கா, நீங்க அமத்துங்க” என்றார். நான் சொல்லிக் கொடுத்ததில்லை, அல்லாஹ் அறிய. அவ அமத்தினா. கேட் மெல்லப் போனது. மாப்பிள்ளை உள்ளே காலெடுத்து வைத்தார். அவ அந்தப் பக்கமே திரும்பவில்லை, கேட்டையே பார்த்துக்கொண்டு, “சத்தமில்லாமத்தான் போகுது” என்றா.

இன்று காலை மூத்த மருமகன் போன் எடுத்தார். அக்கரைப்பற்றில் அவருடைய கூட்டாளி வீட்டுக் கேட் பாதியில் நிற்கிறதாம். போர்ட் போய்விட்டது என்கிறார்களாம். மாமா ஒருக்கா வந்து பார்க்க ஏலுமா என்றார். கடையைப் பூட்டிவிட்டு நாளைக்குப் போகிறேன்.

“நான் வாறன்” என்றேன். “வருமட்டும் பெட்டிக்குள்ள ஒருத்தரும் ஒண்டையும் கூட்டிப்போடாதீங்க.”