நீ அரத்தால் கீறிய ஃபோர்க்

இன்று காலை நம் சைக்கிள் கடைக்கு எதிரே டீயோடு ஒரு மசால்வடையைக் கடித்தேன். பருப்பு சரியாக ஊறவில்லை போலிருக்கிறது. மேல்வரிசையில் கட்டியிருந்த இரண்டு பொய்ப்பல்லும் கழன்று உள்ளங்கையில் வந்து விழுந்தன. டீக்கடைக்காரர் பதறிப்போய், அசல் பல் எப்படிப் போனது என்று கேட்டார். சைக்கிளிலிருந்து விழுந்தேன் என்றேன். இத்தனை வருஷமாக எல்லாரிடமும் அதைத்தான் சொல்லி வருகிறேன். நீ இருந்தவரை பக்கத்தில் நின்று ஆமாம் ஆமாம் என்று தலையாட்டுவாய். நீ போய் எட்டு மாதம் ஆகிறது. தலையாட்ட ஆள் இல்லாத பொய்யைச் சொல்லுவதில் ருசி இல்லை. அதனால் நடந்ததை நடந்தபடி உனக்கே எழுதி வைக்கிறேன்.

உன்னைப் போல ஒரு அடிதடிக்காரனை நான் பார்த்ததில்லை. திருப்பருத்திக்குன்றத்துச் சமண நயினார் வீட்டுப் பிள்ளை நீ. தண்ணீரை வடிகட்டிக் குடிப்பாய். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிடுவாய். கடைவாசலில் எறும்பு வரிசை போனால், நிறுத்தியிருக்கும் வண்டியை அப்படியே தூக்கி அப்பால் வைப்பாய். அதே கைதான் மனுஷனை அறையும். பெடல் தண்டை அச்சோடு இறுக்குகிற காட்டர் பின்னை, அடியில் முட்டுக் கொடுக்காமல் சுத்தியலால் அடித்தேன் என்பதற்காக என் முதுகில் நீ வைத்த அறையின் சத்தம் மளிகைக்கடை வரை கேட்டதாம். மலிவு ரிம்மே போதும் என்று வாதாடிய பால்காரர் மேல் ஸ்பேனரை வீசினாய். அது அவர் காதை உரசிப் போய் எதிர்ச்சுவரில் சுண்ணாம்பைப் பெயர்த்தது. மறுநாள் அவரே வந்து நல்ல ரிம்மாகப் போடச் சொன்னார். இப்படி ஒரு வியாபார முறையை நான் வேறெங்கும் கண்டதில்லை.

நானும் லேசுப்பட்டவன் இல்லை. என் அப்பா கடைசிவரை அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு நின்றவர். எங்கள் தெருவில் முதலில் கடை போட்டவன் நான். கேட்காமல் யாரும் எதையும் கொடுக்க மாட்டார்கள், கேட்டும் கொடுக்காவிட்டால் பிடுங்க வேண்டும் என்று படித்துக்கொண்டுதான் வந்தேன். மாதத்தில் இரண்டு தடவையாவது நீயும் நானும் கடைமுன் புழுதியில் கட்டிப் புரண்டிருப்போம். பஞ்சர் ஒட்ட வந்தவர்கள் நாம் முடிக்கும்வரை ஓரமாகக் காத்திருப்பார்கள். ஒருமுறை உன் கட்டைவிரல் என் வாயில் இருந்தது. உன் முழங்கால் என் நெஞ்சின் மேல் இருந்தது. அந்த நிலையிலும், “விட்றா யாவாரி, நாலு மணிக்கு வீல் குடுக்கணும்” என்றாய். விட்டேன். நாலு மணிக்கு வீல் தயாராக இருந்தது.

வண்டியைத் தேர்ந்தெடுப்பது என் வேலை, அதை ஆளுக்குப் பொருத்துவது உன் வேலை. உள்ளே வருகிறவர் செருப்பைப் பார்த்தே, அவர் எவ்வளவு தூரம் போகிறவர், எதை ஏற்றுகிறவர் என்று எனக்குத் தெரிந்துவிடும். பாரம் ஏற்றுகிறவருக்கு இரட்டை பார் போட்ட இரும்பு வண்டி. ஒயருக்குப் பதில் ராடு பிரேக். பின்சக்கரத்துக்கு நாற்பது போக்ஸ் கம்பி, அதுவும் தடிமனானது. பளபளப்பைக் கேட்டு வந்தவரையும் பேசிப் பேசி அதற்குக் கொண்டுவந்துவிடுவேன். பிறகு உன் கையில் ஒப்படைப்பேன். பிள்ளையார்பாளையத்து நெசவாளிகளுக்கு, தறிக்குழியில் நாளெல்லாம் மிதித்து முழங்கால் போயிருக்கும். அவர்களுக்குச் சீட்டை ஒரு விரல் கூடுதலாக உயர்த்துவாய். முன்பல்சக்கரம் சின்னதாகப் போடுவாய். வேகம் குறையும், வலி வராது. ஒவ்வொரு போக்ஸ் கம்பியாக விரலால் சுண்டிக் காதைக் கொடுத்துக் கேட்பாய். அந்த நேரத்தில் யாராவது பேசினால் அவர்கள் கதி என்ன என்று ஊருக்கே தெரியும்.

இன்னொரு பழக்கமும் உன்னுடையதுதான். அடிபட்டு வந்த வண்டியில் இனி ஆகாது என்று நீ தள்ளுகிற சாமானில் அரத்தால் ஒரு வெட்டுப் போடுவாய். வெட்டு விழுந்தால் அது பழைய இரும்பு. மூட்டையில் போட வேண்டியதுதான், நான் வாய் திறக்கக் கூடாது.

அந்த ஃபோர்க்கில் நீ வெட்டுப் போட்டதை நான் பார்த்தேன். வேன் மோதி வந்த வண்டி. முன்சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்திருக்கும் அந்த ஃபோர்க் பின்பக்கமாக வளைந்திருந்தது. ஃபோர்க்கின் கழுத்துக்குக் கீழே, அதன் வலதுகாலில், அரத்தால் நாலு இழுப்பு இழுத்து வீசி எறிந்தாய். மறுநாள் உங்கள் ஊர்க் கோயில் விசேஷம் என்று நீ வரவில்லை. அன்றைக்குத்தான் ஏகாம்பரம் வந்தார். சாயம் ஏற்றிய பட்டுநூல் கழிகளைப் பட்டறையிலிருந்து தறிக்காரர் வீடுகளுக்குக் கொண்டுபோகிற வேலை அவருக்கு. வண்டி களவு போய்விட்டது, முகூர்த்த மாதம், நூல் வராமல் தறிகள் நிற்கின்றன, இன்றைக்கே வண்டி வேண்டும் என்றார். இரட்டை பார் வண்டி ஒன்று என்னிடம் இருந்தது. அதற்கு ஃபோர்க் மட்டும் வந்து சேரவில்லை. நாளைக்கு வாருங்கள் என்று சொல்லியிருக்கலாம். நாளைக்கு அவர் வேறு கடைக்குப் போயிருப்பார்.

ஒரு மணி நேரம் உட்காரச் சொன்னேன். பின்பக்கம் போய் அந்த ஃபோர்க்கை வைஸில் பிடித்து, குழாயை மாட்டி, சூடுகூடக் காட்டாமல் நிமிர்த்தினேன். உன் வெட்டில் பட்டி பூசித் தேய்த்தேன். கறுப்பு எனாமல் அடித்து வெயிலில் தொங்கவிட்டேன். பார்க்கப் புதிதாகத்தான் இருந்தது. வெட்டு வெறும் அடையாளம்தானே, இரும்பு இரும்புதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பதினைந்து வருஷம் சைக்கிள் விற்றவன் சொல்கிற பேச்சா அது?

ஒன்பதாம் நாள், ஷேர் ஆட்டோ ஒன்று குறுக்கே வந்து நிற்க, ஏகாம்பரம் பிரேக்கை அழுத்திப் பிடித்திருக்கிறார். ஃபோர்க்கின் வலதுகால் முறிந்தது. ஆள் முகம் குப்புற ரோட்டில். தாடை இரண்டு இடத்தில் உடைந்தது, வலதுகை மணிக்கட்டு நொறுங்கியது. கைப்பிடியில் தொங்கிக்கொண்டிருந்தது அரக்குச் சாயம் ஏற்றிய ஈரநூல். தூக்கப் போனவர்களுக்கு எது சாயம், எது ரத்தம் என்றே தெரியவில்லையாம்.

அன்று பகலிலேயே அவர் மச்சான் நாலு பேரோடு உடைந்த வண்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார். ஒருவர் கையில் கட்டை இருந்தது. நான் பேச்சைத் தயாராக வைத்திருந்தேன்: பாரம் அதிகம், பள்ளத்தில் விட்டிருப்பார், கம்பெனிச் சரக்கே கோளாறு. பாதி சொல்லியும் விட்டேன். நீ யாரையும் பார்க்காமல் ஃபோர்க்கை எடுத்தாய். முறிந்த இடத்தைக் கட்டைவிரல் நகத்தால் சுரண்டினாய். எனாமல் வந்தது, பட்டி வந்தது, கீழே உன் வெட்டில் பாதி தெரிந்தது. முறிவு சரியாக அதன் வழியாகத்தான் ஓடியிருந்தது.

நீ கத்தவில்லை. அதுதான் எனக்கு இன்றும் பயமாக இருக்கிறது. முதல் குத்திலேயே பல் இரண்டும் போய்விட்டது. விழுந்தேன், எழுப்பி நிறுத்தி மறுபடி அடித்தாய். வரிசையாக நின்ற ஆறு வண்டி என் மேல் சரிந்தது. அவற்றை ஒவ்வொன்றாகத் தூக்கி எறிந்து, உள்ளே கிடந்த என்னைத் தேடி எடுத்து அடித்தாய். நாம் போட்ட சண்டைகளெல்லாம் விளையாட்டு என்று அப்போதுதான் தெரிந்தது. கட்டையோடு வந்தவர் கட்டையைக் கீழே போட்டுவிட்டு உன் இடுப்பைப் பிடித்து இழுத்தார். “விடுபா, செத்துக்கித்துப் போயிடப் போறான்” என்று மச்சான் உன்னிடம் கெஞ்சினார். அடிக்க வந்தவர்களே விலக்கிவிட வேண்டியதாகிவிட்டது.

மூச்சு வாங்கிக்கொண்டு நீ மச்சான் முன்னால் போய் நின்றாய். ஃபோர்க்கை நீட்டி, “இந்த வெட்டு நான் போட்டது. ஆவாதுன்னு அடையாளத்துக்குப் போட்டேன். அதுலதான் உடைஞ்சிருக்குது. என்னையும் அடி” என்றாய். அவர் தயங்கினார். நீ கையைக் கீழே தொங்கவிட்டபடியே நின்றாய். அவர் ஓங்கி ஒன்று வைத்தார். உன் புருவம் கிழிந்தது. நீ துடைத்துக்கொள்ளவில்லை.

அவர்கள் போனதும் என்னிடம் ஒன்றுதான் சொன்னாய். “ஏகாம்பரத்துகிட்ட நீயே போய், உன் வாயால சொல்லு. சொன்னாதான் நான் கடைக்குள்ள கால வைப்பேன்.”

போனேன். ஆஸ்பத்திரிச் செலவை ஏற்றுக்கொண்டேன். அது சுலபமான காரியம். சொல்லத்தான் முடியவில்லை. முதல் நாள் இளநீர் வைத்துவிட்டு வந்தேன். இரண்டாம் நாள் சாத்துக்குடி. கடையில் நடந்ததை, உடம்பு தேறட்டும் என்று மச்சான் அவர்களிடம் இன்னும் சொல்லியிருக்கவில்லை. தாடையைக் கம்பியால் கட்டிப்போட்டிருந்த மனுஷன் என்னைப் பார்த்துக் கைகூப்புவார், இவ்வளவு செய்கிறானே என்று. என் கடையில் கோட்டம் எடுக்க வேண்டிய சக்கரங்கள் சேர்ந்துகொண்டே போயின. நான் கட்டிய ஒரு சக்கரம் அன்று மாலையே எட்டுப் போட்டதுபோல் வளைந்து திரும்பி வந்தது. நல்லவனாகிவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. நீ இல்லாமல் கடை நடக்காது என்று தெரிந்த பிறகுதான் நாலாம் நாள் அவர் கட்டில் பக்கத்தில் நின்று, வளைந்த ஃபோர்க்கு, அதை நிமிர்த்தியது, பட்டி பூசியது எல்லாவற்றையும் சொன்னேன்.

அவரால் திட்ட முடியாது, வாய் திறக்காது. மாவுக்கட்டுப் போட்ட கையைத் தூக்கி என் காதோடு சேர்த்து அடித்தார். எனக்குப் பொறி கலங்கியது. அவரும் வலி பொறுக்காமல் கட்டிலில் சுருண்டார். அவர் மனைவி ஓடிவந்து அந்தக் கையை மடியில் வாங்கிக்கொண்டு, “உனுக்கு வேணும்பா. அவுருக்கும் வலிக்குது பாரு, அடிக்கக்கூட வழியில்லாம பண்ணிட்டியே” என்றார். பிறகு கேட்டார், சொல்லாமல் இருந்தால் எங்களுக்கு என்ன தெரியப் போகிறது, ஏன் சொன்னாய் என்று. சக்கரம் கட்ட ஆள் வேண்டும் என்று அந்த அம்மாவிடம் எப்படிச் சொல்ல? தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டேன். காதில் வாங்கிய அடியை விட, அந்த இரண்டு நாள் கைகூப்புதான் அதிகமாக வலித்தது.

நீ மறுநாள் வந்தாய். சொன்னாயா என்று கேட்கவில்லை. என் வீங்கின காதைப் பார்த்தாய், போதும் என்று உட்கார்ந்துவிட்டாய். அன்றிலிருந்து நம் கடையில் அரவெட்டு கிடையாது. ஆகாத சாமானை ஆக்ஸா பிளேடால் இரண்டாக அறுத்துத்தான் போடுவாய். உன்னை நீ அடித்துக்கொண்ட அடி அது என்று எனக்குத் தெரியும். நானும் ஒருநாளும் அதைப் பேசவில்லை.

ஏகாம்பரத்துக்கு நாம் கட்டிய இரண்டாவது வண்டி போல ஒன்றை நான் விற்றதில்லை. வலதுகைப் பிடி வலுவிழந்திருந்ததால் இரண்டு பிரேக்கையும் இடதுபக்கத்து ஒரே பிடியில் இணைத்தாய். நூலைக் கைப்பிடியில் தொங்கவிடக் கூடாது என்று முன்னச்சிலிருந்து தனித் தாங்கி எழுப்பிக் கேரியர் வைத்தாய். ஃபோர்க்கைப் பிரிக்காத உறையோடு கொண்டுபோய் அவர் கண்முன்னே பிரித்து மாட்டினோம். மணல் மூட்டை இரண்டு ஏற்றி, அவர் வீட்டு முன்னால் நீயே ஓட்டி, தெருவே கிறீச்சிடப் பன்னிரண்டு தடவை பிரேக் அடித்துக் காட்டினாய். அப்படியும் அவர் ஏறவில்லை. பயம். நீ எவ்வளவு நேரம் பொறுப்பாய்? சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கிச் சீட்டில் உட்கார வைத்துத் தள்ளிவிட்டாய். “ஐயோ, இவன் கொன்னுடுவான்டி” என்று கோணத் தாடையால் கத்திக்கொண்டே மனுஷன் தெருக்கோடி வரை ஓட்டிப் போனார். நீ பின்னாலேயே ஓடினாய், கேரியரைப் பிடித்தபடி. பிடியை விட்டு வெகுநேரம் ஆகியும் ஓடிக்கொண்டே இருந்தாய்.

அடிதடியில்தான் உன் உயிர் போகும் என்று நான் நினைத்திருந்தேன். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் படுக்கிறேன் என்று படுத்தவன் எழுந்திருக்கவில்லை. உனக்குக் கொஞ்சமும் பொருந்தாத சாவு.

போன மாதம் பள்ளிக்கூடம் திறக்கிற சமயம். ஒருவர் தன் பெண்ணுக்கு வண்டி கேட்டு வந்தார், அன்றைக்கே வேண்டும் என்று நின்றார். கம்பெனியிலிருந்து வந்த ஃபோர்க்கில் முன்சக்கரம் ஒரு பக்கம் சாய்ந்து உட்கார்ந்தது. கண்ணுக்குத் தெரியாத சாய்வு, அவர் கவனித்திருக்க மாட்டார். இரண்டு நாள் ஆகும் என்று என் வாய் சொல்லிவிட்டது. அவர் எதிர்க்கடைக்குப் போய்ப் பத்து நிமிஷத்தில் வேறு வண்டியோடு என் கண்முன்னே போனார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. கடை நடுவில் நின்று, உன்னை, உன் கையை, உன் அரத்தை, வாய்க்கு வந்தபடி வைது தீர்த்தேன்.

பிரேக் கட்டை மாற்ற வந்து ஓரமாக உட்கார்ந்திருந்தார் ஏகாம்பரம். “யாரப்பா திட்டிக்கினு இருக்கிற?” என்றார்.

உன் பெயரைச் சொன்னேன்.

“அந்த ஆளையா? இரு, நானும் வரேன்” என்று முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தார். காலரைப் பிடித்ததில் ஆரம்பித்தார். எனக்குத் தெரியாத கெட்டவார்த்தைகள்கூட அவரிடம் இருந்தன. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். இரண்டு பேருமாகத் தொண்டை கட்டும்வரை உன்னைத் திட்டினோம். பிறகு அவர் வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து பிரேக் கட்டையை மாற்றினேன்.