மலைக்குக் கீழே சோறு வடித்தவனுக்கு

என் அருமை அண்ணனுக்கு,

வருகிற ஞாயிற்றுக்கிழமையோடு நீ இறந்து ஒரு வருடம் ஆகிறது. தாராவியில் மழை பிடித்துவிட்டது. நம் சந்தில் முழங்கால் அளவு தண்ணீர். மதினி உன் படத்தை மட்டும் பரணில் ஏற்றிவிட்டு, மற்றதெல்லாம் நனைந்தால் நனையட்டும் என்று விட்டுவிட்டார். அந்தத் தண்ணீரில் ஆட்களைக் கூப்பிட முடியாது. அதனால் காலையில் திதி கொடுத்துவிட்டு, சாப்பாட்டைச் செம்பூரில் சம்பந்தி வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்று உன் மகன் கார்த்தி சொல்லியிருக்கிறான்.

அதே கூடம், அண்ணே. அதே ஆட்கள். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

உன்னை அறியாதவர்களும் இதைப் படிப்பார்கள். அவர்களுக்காக ஒன்றைச் சொல்லிக்கொள்கிறேன். நீ சமையல்காரன். முதலில் மாட்டுங்காவில் ஒரு மெஸ்ஸில். பிறகு, பம்பாயிலிருந்து ஐரோப்பாவுக்குக் கூட்டம் கூட்டமாக ஆட்களை அழைத்துப் போகும் ஒரு கம்பெனியில். அந்தக் கூட்டத்தில் வெங்காயம் பூண்டு தொடாதவர்கள் இருப்பார்கள், ஒரு வேளை சோறு இல்லாவிட்டால் முகம் வாடிப்போகிறவர்கள் இருப்பார்கள். ஆகவே பேருந்துக்குப் பின்னால் அடுப்பும் அண்டாவுமாக ஒரு வேன் போகும். அவர்கள் மலையையோ கோபுரத்தையோ பார்த்துவிட்டு இறங்கி வரும்போது, வண்டி நிறுத்துமிடத்தில் சோறு ஆவி பறக்கக் காத்திருக்க வேண்டும். சித்திரையில் கிளம்பினால் ஆனியில்தான் திரும்புவாய்.

திரும்பி வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டு வாசலில் செருப்பு வைக்க இடம் இருக்காது. ஈஃபில் கோபுரத்தின் காலுக்குள் லிஃப்ட் எப்படிச் சாய்வாக ஏறுகிறது என்று கையைச் சாய்த்துக் காட்டுவாய். பைசா கோபுரத்தின் படியில் ஏறும்போது உடம்பு தன்னால் ஒரு பக்கமாகத் தள்ளும் என்பாய். சுவிட்சர்லாந்தில் டிட்லிஸ் மலைக்குக் கம்பியில் தொங்கிப் போகிற கண்ணாடி வண்டி தன்னைத்தானே சுற்றிக்கொண்டே மேலே போகும், அங்கே பனிக் குகை நீலமாக இருக்கும் என்பாய். "ரைன் அருவி எப்படி இருக்கும்ங்க? நம்ம குத்தாலத்த அகலவாக்குல படுக்கப் போட்டா எப்படி இருக்கும், அது!" என்றபோது வடை வாங்கப் போனவன்கூட நின்று கேட்டான்.

நான் கதவோரம் நின்று கேட்பேன். எனக்கு ஒரு வார்த்தையும் நம்பிக்கை கிடையாது. கல்லூரியில் புவியியல் சொல்லிக்கொடுக்கிறவள் நான். பகல் ஒரு மணிக்கு நாற்பது பேருக்குச் சோறு போட வேண்டியவன் பத்து மணிக்கே அடுப்பு மூட்ட வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அந்த ஆட்கள் வரிசையில் தட்டை ஏந்திக்கொண்டு, "மேலே என்ன காத்து, பாத்தியா!" என்று பேசிக்கொண்டதையெல்லாம் நீ கரண்டியோடு சேர்த்து அள்ளிக்கொண்டு வந்திருக்கிறாய். ரைன் அருவியின் சத்தம் ஒன்றுதான் உன் சொந்தச் சரக்கு. அது வண்டி நிறுத்துமிடம் வரை கேட்குமாம்.

கார்த்திக்கு மீனாவை நிச்சயம் செய்யச் செம்பூர் போயிருந்தோமே, அந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? மறந்திருக்க மாட்டாய். தட்டு மாற்றி முடித்து, காபி வந்தது. மீனாவின் தாய்மாமா சுவிட்சர்லாந்து போய் வந்தவர். நீ டிட்லிஸ் கதையை எடுத்ததும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மேல அந்தத் தொங்குபாலம் இருக்கே, அதுல நடந்தீங்களா சம்பந்தி?"

"நடக்காமலா? கீழ பாத்தா காலு ரெண்டும் கூசிப் போவும்லா!"

நான் காபி டம்ளரைக் கீழே வைத்தேன். "ஏண்ணே, நீ மேல போயிருந்தா கீழ யாரு சோறு வடிச்சா?"

கூடம் முழுக்கச் சிரிப்பு. தாய்மாமா தொடையைத் தட்டி, "டீச்சர் பிடிச்சிட்டாங்கய்யா!" என்றார். நீயும் சிரித்தாய். "ஏட்டி, ஒன்னப் படிக்க வச்சேன் பாரு, என்னயச் சொல்லணும்" என்றாய். மதினி மட்டும் சிரிக்கவில்லை. உன் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

தாய்மாமா மேலும் கேட்டு நீ மாட்டிக்கொள்வதற்கு முன் நானே கேட்டு அதை வேடிக்கையாக்கிவிடலாம் என்று நினைத்தேனா? ரொம்ப நாள் எனக்கு நானே அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். விடைத்தாளில் தப்பைக் கண்டால் கை தன்னால் சிவப்புப் பேனாவைத் தேடும். அன்றைக்கும் அதுதானோ?

இதில் ஒரு கூத்து உண்டு. பனியாறு எப்படி நகர்கிறது, பள்ளத்தாக்கை எப்படிக் குடைகிறது என்று இருபது வருடங்களாகச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். ஒரு பனியாற்றையும் நான் பார்த்ததில்லை. எந்த மாணவியும் என்னிடம், "மேடம், நீங்க பாத்தீங்களா?" என்று கேட்டதில்லை. நான் புத்தகத்திலிருந்து சொன்னேன், நீ பிறர் வாயிலிருந்து சொன்னாய். எனக்கு அதற்குச் சம்பளம் தந்தார்கள்.

அந்தச் சித்திரையிலும் நீ வேலைக்குக் கிளம்பினாய். ஆனியில் திரும்பினாய். ஞாயிற்றுக்கிழமை ஆட்கள் வந்தார்கள். "எல்லாம் பழைய ஊருதான்" என்று சொல்லிவிட்டு மிக்சர் பொட்டலத்தைப் பிரித்து வைத்தாய். அடுத்த வருடம் நீ கிளம்பவேயில்லை. முட்டி வலி என்றாய். மாட்டுங்காவில் அதே பழைய மெஸ்ஸில் காலை நேர வேலைக்குச் சேர்ந்தாய். அந்த ஆடியிலேயே ஒருநாள் மாவரைக்கும் இயந்திரத்தின் பக்கத்தில் உட்கார்ந்தவன், எழுந்திருக்கவில்லை.

மதினி இந்த ஒரு வருடமாக ஒன்றையே சொல்லிக்கொண்டிருக்கிறார். "நாந்தான் வயசாச்சு போதும் போதும்னு நச்சரிச்சேன். அதான் அவிய வேலைய விட்டுட்டாவ. அங்க போயிட்டு வந்துட்டு இருந்திருந்தா நல்லாத்தான் இருந்திருப்பாவ." ஒருநாள் என்னைப் பார்த்துக் கேட்டார்: "முட்டி வலின்னாவ. ஆனா தெனமும் மாட்டுங்காவுக்கு நடந்துதான போயிட்டு வந்தாவ? நீ படிச்சவ, சொல்லு. அது என்ன வலி?"

எனக்கு அப்போது பதில் தெரியாது. போன மாதம்தான் தெரிந்தது.

உன்னோடு கடைசித் தடவை உதவிக்கு வந்தாரே செல்லத்துரை, அவர் வாஷியிலிருந்து என் வீட்டுக்கு வந்தார். சாவுக்கு வர முடியவில்லை, அப்போது வெளிநாட்டில் வேலையில் இருந்தேன் என்றார். தண்ணீர் குடித்துவிட்டுச் சொல்லத் தொடங்கினார்.

"டீச்சரக்கா, அன்னிக்கு டிட்லிஸ்ல கூட்டத்த மேல அனுப்பிட்டு, அண்ணாச்சி பருப்ப ஏத்துனாவ. அப்புறம், 'ஏலே, அரிசிய நீ பாத்துக்க. நான் மேல ஒரு எட்டு போயிட்டு ஓடி வந்திருதேன்'னாவ. 'அண்ணாச்சி, நான் இப்பதான் புதுசு, நாப்பது பேருக்கு ஒத்தையில என்ன செய்வேன்'னேன். 'ஒரு எட்டுதாம்லே. இத்தன வருசத்துல ஒரு தடவ போவப்பிடாதா'ன்னாவ."

அவர் அதற்குமேல் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நீ மேலே போன பிறகு கூட்டம் இறங்கி வந்துவிட்டது. அதற்குப் பின் காற்று எழுந்து, மேலே அந்தக் கண்ணாடி வண்டியை நிறுத்திவிட்டார்கள். கீழே உலை கொதிக்கும் முன்பே சிலிண்டர் தீர்ந்தது. வேறு சிலிண்டர் இருந்தது. அதை மாற்றுகிற ஸ்பானர் உன் ஏப்ரன் பையில் இருந்தது. நீ ஸ்பானரோடு மலைமேல் நின்றாய். நாற்பது பேர் ரொட்டியும் பிஸ்கட்டும் தின்றார்கள். ஊர் திரும்பியதும் யாரோ புகார் எழுதினார்கள். அதன் பிறகு கம்பெனி உன்னைக் கூப்பிடவில்லை. இத்தனை வருடத்தில் ஒருநாள்கூடச் சோறு தாமதமாகாதவனை.

"மேல போயி என்ன பாத்தாவளாம்?" என்று கேட்டேன்.

"என்னத்தப் பாக்க? ஒரே மேகம். பாலமும் தெரியல, ஒண்ணும் தெரியல. யாரோ வெளியூர்க்காரங்ககிட்ட போனக் குடுத்து ஒரு போட்டோ எடுத்துருக்காவ. எனக்கு அனுப்புனாவ. 'வீட்ல காட்டுங்க அண்ணாச்சி'ன்னேன். 'தங்கச்சி, எந்தச் செவத்துல நின்னு எடுத்தன்னு கேப்பா. விடுலே'ன்னு சிரிச்சாவ."

படத்தைக் காட்டினார். நீ நிற்கிறாய். கம்பளிச் சட்டைக்குக் கீழே நீல ஏப்ரன். பின்னால் வெள்ளை, மேலே வெள்ளை, காலடியிலும் வெள்ளை. நீ சொன்னது சரி, அண்ணே. நான் அப்படித்தான் கேட்டிருப்பேன். சுண்ணாம்பு அடித்த எந்தச் சுவர் முன்னாலும் அப்படி ஒரு படம் எடுக்கலாம். ஆனால் ஏப்ரன் பையிலிருந்து அந்த ஸ்பானர் வெளியே துருத்திக்கொண்டிருக்கிறது. அது கீழே இருந்திருந்தால் சோறு வெந்திருக்கும்.

செல்லத்துரை போன பிறகும் நான் மதினியிடம் சொல்லவில்லை. ஒரு மாதமாகச் சொல்லவில்லை. போன வாரம் அங்கே போனபோதுகூட, "நான் நச்சரிச்சிருக்கப்பிடாது" என்று முந்தானையால் முகத்தைத் துடைத்தார். நான் பேச்சை மாற்றி, பரணில் உன் படம் ஈரம் படாமல் இருக்கிறதா என்று பார்த்தேன். அடுத்தவர் தப்பைப் பத்துப் பேர் முன்னால் சொல்ல ஒரு நொடி ஆனது. என் தப்பை ஒருவரிடம் சொல்ல ஒரு மாதம் போதவில்லை.

வாஷியில் கார்த்தி வீட்டுச் சுவரில் மீனா ஒரு உலக வரைபடம் மாட்டியிருக்கிறாள். இருவரும் போய் வந்த ஊர்களுக்குச் சிவப்புக் குண்டூசி குத்தி வைக்கிறார்கள். இதுவரை இரண்டு குண்டூசி. ஐரோப்பா மொட்டையாக இருக்கிறது. உன் பெயரில் ஒன்று குத்த வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. எப்படித் தோன்றும்? நீ வண்டி நிறுத்துமிடத்தைத் தாண்டியதில்லை என்று அவர்களுக்குச் சொன்னவளே நான்தானே.

ஞாயிற்றுக்கிழமை காலையில் முதலில் மதினியிடம் தனியாகச் சொல்வேன். அதை அவர் பந்தியில் உட்கார்ந்து கேட்கக் கூடாது. பிறகு செம்பூரில், தாய்மாமாவும் மற்றவர்களும் இலை முன்னால் உட்கார்ந்த பிறகு, எழுந்து நின்று சொல்வேன். என் அண்ணன் டிட்லிஸ் மலைமேல் போனான், மேகத்தைத் தவிர எதையும் பார்க்கவில்லை, நான் கேட்ட கேள்விக்காகத்தான் போனான் என்று.

அப்போது யாராவது என் கேள்வியையே எனக்குத் திருப்பிப் போடலாம். கீழே யார் சோறு வடித்தது என்று கேட்கலாம்.

அன்றைக்கு யாரும் வடிக்கவில்லை என்று சொல்வேன். இது சத்தியம்.

நீ படிக்கவைத்த உன் தங்கை,
பொன்மணி