கோட்டோர் போகிறவள் கவனத்துக்கு

தம்மாம்
6 செப்டம்பர் 2024

அன்பு அகிலாவுக்கு,

மதினி எழுதுகிறேன். இங்கே நானும் உன் அண்ணனும் சுகம். வெயில் மட்டும் இறங்க மாட்டேன் என்று அடம்பிடிக்கிறது. வெண்பாக் குட்டியின் கன்னத்தில் எனக்காக ஒரு கிள்ளு கிள்ளிவிட்டு மேலே படி.

போன் இருக்க எதற்கு இவ்வளவு நீள மெயில் என்று பார்க்கிறாயா? வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஒரு கட்டைவிரல் பொம்மையைப் போட்டுவிட்டு மறந்துபோவாய். போனில் சொன்னால் "சரி மதினி, சரி மதினி" என்பாய், ஒன்றும் மண்டையில் ஏறாது. எழுதி வைத்தால்தான் உனக்குச் சரிப்படும்.

என் தம்பி நேற்று கூப்பிட்டு, கல்யாண நாளுக்கு உன்னை மான்டெனெக்ரோ கூட்டிப் போகப்போவதாகச் சொன்னான். "டேய் விஜயா, நீயாடா பேசுற?" என்று கேட்டேன். உன்னைக் கடைத்தெருவுக்குக் கூட்டிப் போகவே பஞ்சாங்கம் பார்ப்பவன்! சித்திரையில் நீங்கள் போட்ட சண்டை எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. வெண்பாவைக் கூட்டிக்கொண்டு கோவில்பட்டிக்கே போகிறேன், அங்கே பள்ளிக்கூடத்தில் வேலை தருகிறார்கள் என்று நீ. "நீ போ, எம்புள்ள இங்கதான் இருக்கும்" என்று அவன். நடுவில் நான். அதெல்லாம் போகட்டும். அவனே இறங்கி வந்திருக்கிறான், நீயும் முகத்தைத் தூக்காமல் போய் வா.

நாங்கள் போன வருடம் போனபோது விசாவுக்கு அலைந்தோம். உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. எமிரேட்ஸ் விசா கையில் இருந்தால் பத்து நாள் தங்க விடுகிறார்களாம், தம்பி விசாரித்துவிட்டான். விமானம் திவாத்தில் இறங்கும். அங்கிருந்து நீங்கள் தங்கப்போகிற கோட்டோர் பக்கம்தான், டாக்ஸியில் ஏறும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். யூரோ கொண்டு போங்கள், உங்கள் திர்ஹமை யாரும் சீந்தமாட்டார்கள். அங்கே சுவரில் இரண்டு உருண்டைத் துளைதான், உன் சார்ஜர் நுழையாது, அடாப்டர் வாங்கு. குழாய்த் தண்ணீரைத் தைரியமாகக் குடிக்கலாம். அக்டோபரில் மழை பிடித்தால் விடாது. பழைய ஊருக்குள் கல்தரை வழுக்கும், உன் ஹீல்ஸைப் பார்த்தாலே கால் உடைந்த மாதிரி இருக்கும் எனக்கு. ஷூ போடு.

வெள்ளிக்கிழமை கவிச்சி தொடமாட்டாயே, ஹோட்டலில் "போஸ்னோ" என்று கேள். அவர்கள் விரதச் சாப்பாடு. இறைச்சியும் பாலும் முட்டையும் இருக்காது. சில இடத்தில் மீன் மட்டும் வைப்பார்கள், அதையும் கேட்டுக்கொள்.

வெண்பாவை இழுத்துக்கொண்டு போகாதே. மலைப்பாதை முழுக்க வளைவு, பிள்ளை வாந்தி எடுத்தே வாடிவிடும். நான் வந்து கூட்டிப்போகிறேன்.

அன்புடன்,
மதினி பத்மா


ஷார்ஜா
14 செப்டம்பர் 2024

அன்புள்ள மதினிக்கு,

நமஸ்காரம். உங்கள் மெயிலை மூன்று தடவை படித்தேன், மண்டையில் ஏறிவிட்டது. கிள்ளு கொடுத்தேன். "டெல் அத்தை இட் ஹர்ட்ஸ்" என்று பதில் வந்திருக்கிறது. தமிழில் சொல் என்றால் "வலிக்குதுன்னு சொல்லு, பட் நைஸா சொல்லு" என்கிறாள்.

எனக்கும் ஆச்சரியம்தான் மதினி. சித்திரைக்குப் பிறகு அவர் என்னோடு பேசியதெல்லாம் பால் வாங்கியாச்சா, ஏசியை அணைச்சியா என்ற அளவில்தான். போன வாரம் ஆபீஸ் முடிந்து வந்தவர் மடிக்கணினியை என் பக்கம் திருப்பி, கடலும் மலையுமாக ஒரு படத்தைக் காட்டினார். நான் அழுதுவிட்டேன். அவர் என் தலையில் கை வைத்தார். எத்தனை மாதம் ஆயிற்று!

ஒன்று கேட்கிறேன், கோபிக்கக் கூடாது. அவர் கோபம் நிஜமாகவே போய்விட்டதா? இல்லை, வேறெங்காவது போய் உட்கார்ந்திருக்கிறதா? உங்களுக்குத்தான் உங்கள் தம்பியைத் தெரியும். டிக்கெட்டைப் பார்த்தேன். போகும்போது சேர்ந்து போகிறோம். வரும்போது அவருக்கு வியாழக்கிழமை, எனக்கு ஞாயிற்றுக்கிழமை. ஆடிட் இருக்கிறதாம். அப்படியானால் நானும் வியாழனே வருகிறேன் என்றேன். "கட்டுன ரூமு வீணாப் போகும், நீ இருந்துட்டு வா" என்கிறார். மொழி தெரியாத ஊரில் நான் தனியாக என்ன செய்வேன்?

வெண்பாவை விட்டுப் போகவும் மனசில்லை. உங்களிடம் விடுவதில் எனக்கு என்ன குறை? பிறந்ததிலிருந்து அவளை ஓர் இரவுகூடப் பிரிந்ததில்லை, அதுதான். கோவில்பட்டி வேலையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஜனவரி வரை காத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். நான் அதை இன்னும் வேண்டாம் என்று சொல்லவில்லை. இந்தப் பயணத்தில் அவரிடம் பொறுமையாகப் பேசலாம் என்றிருக்கிறேன். நீங்கள் அவரிடம் சொல்லிவிடாதீர்கள்.

அன்புடன்,
அகிலா


தம்மாம்
22 செப்டம்பர் 2024

அன்பு அகிலா,

நீ சொன்னதை நான் யாரிடம் சொல்லப்போகிறேன்? என் வயிற்றோடு இருக்கும்.

தனியாக என்ன செய்வாய் என்று கேட்டாயே, தூங்கு. நம் வீட்டுப் பெண்களில் எவளுக்கு மூன்று நாள் சமைக்காமல் உட்கார வாய்த்தது? காலையில் கோட்டைக்கு ஏறு, முட்டி வலிக்கும், பரவாயில்லை. பேராஸ்த் என்று பக்கத்தில் ஓர் ஊர், அங்கிருந்து படகில் போனால் கடல் நடுவில் ஒரு மாதா கோவில். கும்பிட்டுவிட்டு வா, எந்தச் சாமியானால் என்ன. பூனைக்குப் பயப்படுவாயே, அந்த ஊர் முழுக்கப் பூனைதான், மனசைத் தேற்றிக்கொள். நீங்கள் வந்திருப்பதை ஹோட்டல்காரர்களே அரசாங்கத்தில் பதிந்துவிடுவார்கள், அந்தச் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்.

எமிரேட்ஸ் ஐடி உள்ளே நுழையும்போது கேட்பார்கள். அப்புறம் அதைத் தம்பியிடமே கொடுத்துவிடு. நீ எதையும் எங்காவது வைத்துவிட்டுத் தேடுகிற ஆள்.

நான் மூன்றாம் தேதி வருகிறேன். வெண்பாவின் பாஸ்போர்ட், பிறப்புச் சான்றிதழ் ஒரிஜினல், தடுப்பூசி அட்டை மூன்றையும் எடுத்து வை. பிள்ளை என்னோடு வருவதிலும் என்னிடம் இருப்பதிலும் தாய்க்கு ஆட்சேபணை இல்லை என்று ஒரு கடிதம் வேண்டும். தம்பி டைப்பிங் சென்டரில் அரபியில் அடித்து வாங்கி வருவான், நீ கையெழுத்துப் போட்டால் போதும். ஏர்போர்ட்டில் அவர்கள் கேள்வி கேட்டால் நான் என்னத்தைச் சொல்ல?

பாடப் புத்தகம் எல்லாவற்றையும் பையில் போடு, படிப்பு பின்தங்கக் கூடாது. ஸ்வெட்டரும் வை. தம்மாமில் டிசம்பர் குளிர் பொல்லாதது.

தம்பியின் கோபத்தைப் பற்றிக் கேட்டாய். எங்கள் அம்மா போனபோது அவனுக்கு ஏழு வயது. சோறு ஊட்டி வளர்த்தவள் நான். அவனுக்குக் கோபம் வராது அகிலா. பயம்தான் வரும்.

அன்புடன்,
மதினி


கோட்டோர்
10 அக்டோபர் 2024

அன்புள்ள மதினிக்கு,

நீங்கள் எழுதியதெல்லாம் ஒன்றுவிடாமல் சரி. டாக்ஸிக்காரர் முதலில் ஏமாற்றப் பார்த்தார், தரை வழுக்கியது, பூனைகள் வழிவிட மறுத்தன. போஸ்னோ என்றதும் பரிமாறுகிற அம்மாள் சிரித்துக்கொண்டே அவரைக்காய்ச் சூப்பும் ரொட்டியும் கொண்டு வந்தார். வந்த நாளிலிருந்து மழை. மலை இருக்கிற இடமே தெரியவில்லை, வெறும் வெள்ளையாக இருக்கிறது.

அவர் இன்று காலை கிளம்பிவிட்டார். ஐந்து நாளும் ரொம்ப அன்பாக இருந்தார் மதினி. என்னை இத்தனை போட்டோ அவர் எடுத்ததே இல்லை. ஆனால் நான் பேச ஆரம்பித்தால், "இங்க வந்து எதுக்கு அதெல்லாம்" என்று பேச்சை மாற்றிவிடுவார். நேற்றுச் சாப்பிடும்போது கோவில்பட்டி வேலையை அவராகவே எடுத்தார். "ஜனவரி வரைக்கும் டைம் இருக்குல்ல?" என்றார். நான் அவரிடம் ஜனவரி என்று சொன்னதே இல்லை. உங்களிடம் மட்டும்தான் எழுதினேன். கேட்கவும் பயமாக இருந்தது, சூப்பைக் குடித்துவிட்டு எழுந்துவிட்டேன்.

ஐடியை அவரிடமே கொடுத்துவிட்டேன், நீங்கள் சொன்ன மாதிரி. இன்சூரன்ஸ் புதுப்பிக்கவும் வேண்டுமாம். திரும்பி வரப் பாஸ்போர்ட் போதும் என்றார்.

வெண்பா எப்படி இருக்கிறாள்? இரண்டு நாளாக நான் கூப்பிடும்போதெல்லாம் தூங்குகிறாள் என்கிறீர்கள். மத்தியானமும் தூக்கமா? காய்ச்சல் ஏதும் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். இன்று ஒரு நிமிடம் அவள் குரலைக் கேட்க விடுங்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும். அக்டோபரில் எதற்கு ஸ்வெட்டர் என்று பை கட்டும்போதே கேட்டிருக்க வேண்டும், வாயில் வரவில்லை. மூன்று நாளில் வந்துவிடுவேன். அதுவரை அவளுக்கு என் புடவை ஒன்றைப் போர்த்திவிடுங்கள், சாம்பல் நிறம், பையின் அடியில் வைத்திருக்கிறேன்.

அகிலா


திவாத் விமான நிலையம்
13 அக்டோபர் 2024

மதினி,

என்னை விமானத்தில் ஏற்றவில்லை. கவுன்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மேலாளரைக் கூப்பிட்டாள். என் எமிரேட்ஸ் விசா ரத்தாகிவிட்டதாம். ஸ்பான்சர் ரத்து செய்திருக்கிறாராம். என் ஸ்பான்சர் என் புருஷன், அவர் இப்படிச் செய்யமாட்டார், ஏதோ தப்பு நடந்திருக்கிறது என்று அந்தப் பெண்ணிடம் சண்டை போட்டேன். அவள் எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தாள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அவர் போன் அணைந்திருக்கிறது. உங்கள் போன் அடிக்கிறது, நீங்கள் எடுக்கவில்லை. பக்கத்து வீட்டு சப்ரீனாவைக் கூப்பிட்டேன். எங்கள் வீட்டுக் கட்டிலையும் பீரோவையும் வெள்ளிக்கிழமையே லாரியில் ஏற்றிவிட்டார்களாம். "நீங்கதான் ஊருக்குப் போய்ட்டீங்கன்னு அண்ணன் சொன்னாங்களேக்கா" என்கிறாள்.

மதினி, எனக்கு அந்த வீடு வேண்டாம். அவரும் வேண்டாம். கோவில்பட்டி வேலையும் வேண்டாம் என்று இப்போதே எழுதித் தருகிறேன். வெண்பா எங்கே? உங்களிடம்தானே இருக்கிறாள்? அதை மட்டும் சொல்லுங்கள். நான் தம்மாமுக்கே வருகிறேன், உங்கள் வீட்டுச் சமையலறையில் படுத்துக்கொள்கிறேன். அண்ணனிடம் சொல்லி எனக்கு ஒரு விசா அனுப்பச் சொல்லுங்கள். பிள்ளையை என் கையால்தான் உங்கள் கையில் கொடுத்தேன் மதினி. பிறப்புச் சான்றிதழையும் நானேதான் கவரில் போட்டு ஒட்டிக் கொடுத்தேன்.

அகிலா


தம்மாம்
14 அக்டோபர் 2024

அன்பு அகிலாவுக்கு,

மதினி எழுதுகிறேன். வெண்பா என்னிடம்தான் இருக்கிறாள். நன்றாக இருக்கிறாள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

பத்து நாள் கணக்கு முடிகிறது, இதற்கு மேல் நீ அங்கே இருக்கக் கூடாது. போலீஸ், அபராதம் என்று வம்பாகிவிடும். நாளைக் காலை கோட்டோர் பஸ் நிலையத்திலிருந்து தலைநகர் போத்கோரிட்சாவுக்கு பஸ் இருக்கிறது. சாமானை அடியில் வைப்பதற்குத் தனியாகச் சில்லறை கேட்பார்கள், கையில் வைத்துக்கொள். வளைவு அதிகம், ஜன்னலோரம் உட்கார், எலுமிச்சம்பழம் ஒன்றை முகர்ந்துகொண்டே போ. பஸ் நிலையத்திலிருந்து ஏர்போர்ட்டுக்கு டாக்ஸிதான். தம்பி டிக்கெட் போட்டுவிட்டான், இத்தோடு அனுப்பியிருக்கிறேன். இஸ்தான்புல்லில் இறங்கி விமானம் மாற வேண்டும். ஏர்போர்ட்டை விட்டு வெளியே வராதே, உள்ளேயே இருந்தால் விசா கேட்கமாட்டார்கள். பிறகு மும்பை, அங்கிருந்து மதுரை. உன் துணிமணியெல்லாம் கார்கோவில் கோவில்பட்டிக்கு வந்து சேரும்.

சவுதி விசாவைப் பற்றிக் கேட்டாய். அண்ணன் அனுப்பமாட்டார். அனுப்பச் சொல்லி நான் கேட்கவும் மாட்டேன்.

நீ என்னைத் திட்டுவாய். திட்டு. சித்திரையில் நீ பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவேன் என்று சொன்ன அன்றைக்கு, தம்பி குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு எனக்குப் போன் போட்டு அழுதான். பேசிச் சரிபண்ணலாம் என்றுதான் முதலில் நானும் சொன்னேன். ஜனவரி வரை அந்த வேலையைப் பிடித்து வைத்திருக்கிறாய் என்று உன் மெயிலில் படித்தேன், அத்தோடு அந்தப் பேச்சை விட்டேன். அவனிடம் சொன்னது நான்தான். நீ அவனுக்குச் செய்யப் பார்த்ததை அவன் முந்திச் செய்துவிட்டான், அவ்வளவுதான். நீ படித்தவள், வேலை இருக்கிறது, உன் ஆட்கள் இருக்கிறார்கள், பிழைத்துக்கொள்வாய். அவனுக்கு யார் இருக்கிறார்கள்?

வெண்பாவை இங்கே பள்ளிக்கூடத்தில் சேர்த்தாகிவிட்டது. தம்பிக்கும் இங்கேயே ஒரு கம்பெனியில் வேலை அமைந்துவிட்டது. பிள்ளை இட்லியை இரண்டு வாய் கூடுதலாகவே சாப்பிடுகிறாள். கொஞ்ச நாளைக்கு நீ போன் போடாதே. குரலைக் கேட்டால் அழுவாள், அழுதால் காய்ச்சல் வரும், நீயும் நிம்மதியாக இருக்கமாட்டாய். மனசு ஆறட்டும், பிறகு பார்க்கலாம்.

நேற்று முழுக்க நீ கூப்பிட்டுக்கொண்டே இருந்தாய். பக்கத்தில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தவள், "அம்மா போன ஊர்ல போனே கிடையாதா அத்தை?" என்று கேட்டாள். போனைத் தலையணைக்கு அடியில் வைத்தேன். "கிடையாது கண்ணு" என்றேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். பஸ்ஸை விட்டுவிடாதே.

அன்புடன்,
மதினி பத்மா