அத்தான் பார்த்த முப்பத்தொரு நூல்கள்

1944 ஜூலை 24, திங்கள்

மேற்கிலிருந்து கச்சான் காற்று. சோற்றிலும் மணல். ஜன்னலைத் திறந்தால் சீட்டுகள் பறக்கின்றன, அடைத்தால் புழுக்கம்.

அத்தானின் கட்டுரை ஒருவழியாக முடிந்தது. முத்துச்சிப்பி ஏன் பார்களில் இல்லாமல் போயிற்று என்று. கல்கத்தாவில் ஒரு விஞ்ஞானப் பத்திரிகைக்கு. கட்டுரையை ஆபீசில் சூசை அண்ணன் டைப் அடித்துக் கொடுத்துவிட்டார். கடைசியில் வைக்கும் நூற்பட்டியலுக்கு வரும்போது ரிப்பன் தீர்ந்துவிட்டதாம், யுத்தம் முடியாமல் வேறு வராதாம். ஆகையால் பட்டியல் என் தலையில். என் கையெழுத்து அச்சுப்போல இருக்கிறதாம். வேலை வாங்கும்போது மட்டும் வரும் பாராட்டு.

பார் என்றால் கடலுக்கடியில் சிப்பி விளையும் பாறை. மீன்துறை ஆபீசில் இத்தனை வருடம் இருந்தும் அத்தான் அதை வரைபடத்தில்தான் பார்த்திருக்கிறார். தோணியில் கால் வைத்தாலே வாந்தி.

செய்ய வேண்டியவை:
ஒரு நூலுக்கு ஒரு சீட்டு. (காகிதம் இல்லை. பழைய உப்பு ரசீதுகளின் பின்பக்கம்.)
ஆசிரியரின் குடும்பப் பெயர் முதலில். பிறகு வருடம், தலைப்பு, பத்திரிகை, தொகுதி, பக்கம்.
பத்திரிகைப் பெயருக்குக் கீழே கோடு.
ஏ, பி, சி வரிசை.
அக்காவின் குழந்தை சீட்டைத் தின்னாமல் பார்த்துக்கொள்வது.

அத்தானின் ஆபீஸ் சூப்பிரண்டு எழுதிய சின்னப் புத்தகமும் பட்டியலில் உண்டு. அவர் பெயர் ‘வி’. கடைசியில் வருகிறது. அத்தானுக்கு அதுவே கவலை.

“ஏளா, அவர மேல கொண்டுவர வழி இல்லியா?”

“எழுத்து வரிசை, அத்தான்.”

“வரிசையாம் வரிசை. கோயில்ல பெரிய மனுசன் கடைசி பெஞ்சிலயா இருப்பான்?”

இவர்தான் விஞ்ஞானி.

ஜூலை 25, செவ்வாய்

கணக்கு வீட்டுப்பாடம் செய்யவில்லை. சிஸ்டர் திட்டு.

முப்பத்தொன்றில் அத்தான் படித்தது நான்கு. மீதி அநேகமாக எல்லாம் இலங்கை அறிக்கை ஒன்றின் பின்பக்கத்திலிருந்து அப்படியே இறக்கியது. அங்கே பாதிக்குப் பக்க எண் இல்லை. பத்திரிகைக்காரர்கள் பக்க எண் கேட்கிறார்கள். என்ன எழுத என்றேன்.

“நாப்பது, அம்பதுன்னு எதையாவது போடுளா. கல்கத்தாக்காரன் வந்து எண்ணப் போறானாக்கும்.”

“யாராவது கேட்டா?”

“பச்சப்புள்ள எழுதுனது, கை தவறிட்டுன்னு சொல்லிருவேன்.” சொல்லிவிட்டுச் சிரிப்பு வேறு.

நான் பேனாவைக் கீழே வைத்ததும் சிரிப்பு போய்விட்டது. “முடியாதுன்னா இப்பமே சொல்லு. பெரியதாழைக்குத் தெனமும் பஸ்ஸு போவுது.”

அதுதான் பயம். பெரியதாழை எங்கள் ஊர். அங்கே மாப்பிள்ளை தயார். சொந்த வள்ளம் வைத்திருப்பவர், முதல் மனைவி இறந்துவிட்டாள். அம்மா பாதிச் சம்மதம் சொல்லியாயிற்று. ஊருக்குப் போனால் திரும்ப விடமாட்டார்கள். பள்ளி இறுதிப் பரீட்சை மார்ச்சில். அதுவரை இந்த வீட்டில் இருந்தாக வேண்டும்.

திரியை மிகவும் இறக்கி வைத்து எழுதுகிறேன். அடுத்த அறையில் அத்தானின் குறட்டை. அது நின்றால் நானும் நிறுத்த வேண்டும்.

ஜூலை 26, புதன்

மாதா கோயில் கொடியேற்றம். எல்லோரும் போய்விட்டார்கள். எனக்குத் தலைவலி என்று பொய். (பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டும்.)

பத்திரிகைக்காரர்கள் அனுப்பிய விதித்தாள் அத்தானின் மேஜை மேலேயே கிடந்தது. எனக்கு வாயால் சொன்னதோடு சரி, தாளைத் தரவில்லை. அவரும் முதல் பாதிக்கு மேல் போயிருக்கமாட்டார், மடிப்பே கலையவில்லை. பிரித்துப் படித்தேன். கடைசி விதி: கட்டுரையாசிரியர் நேரில் பார்க்காத நூல்களுக்கு நட்சத்திரக் குறி இடவும். அவற்றுக்குத் தெரிந்த விவரம் மட்டும் போதும்.

பொய் எண் போட வேண்டாம்!

இருபத்தாறு நட்சத்திரம் போட்டேன். இருபத்தேழு போட்டிருக்க வேண்டும். சூப்பிரண்டின் புத்தகத்தையும் அத்தான் படித்ததில்லை. அலமாரியில் இருக்கிறது. அச்சாபீசில் மடித்த தாள்கள் ஓரம் ஒட்டியபடியே, பக்கம் பிரிக்கும் கத்தி படாமல். ஆனால் கட்டுரையில் அதற்கு ‘எங்களுக்கெல்லாம் கலங்கரை விளக்கம்’ என்று ஒரு வரி. அதற்கு மட்டும் நட்சத்திரம் போடத் துணிவு வரவில்லை.

ஜூலை 28, வெள்ளி

மீன் இல்லை. அக்கா வைத்தது கருவாட்டுக் குழம்பு.

அத்தான் பட்டியலைப் பார்த்தார். நான் கதவோரம்.

“இது என்னளா, நட்சத்திரம்?”

விதித்தாளில் இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். அந்தத் தாள் அவர் முழங்கைக்கு அடியில்தான் கிடந்தது. எடுத்துப் பார்க்கவில்லை. பார்த்தால் மரியாதை போய்விடும்.

“தெரியும், தெரியும். முக்கியமான நூலுக்குப் போடுறது. நம்ம ஆபீஸ் பைல்லயும் அப்படித்தான். ஏ மூதி, அப்ப சூப்பிரண்டுக்கு ஏன் போடல?”

நான் திருத்தவில்லை, பேனாவை எடுத்தேன்.

“அவருக்கு ரெண்டு போடு.”

போட்டேன்.

நாளைக்குக் கட்டுரை சூப்பிரண்டு மேஜைக்குப் போகிறது. அவர் கையெழுத்துப் போட்டால்தான் கல்கத்தாவுக்கு. இரவுச் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டேன். அக்கா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

ஜூலை 31, திங்கள்

பள்ளி விட்டு வந்தால் சூசை அண்ணன் வீட்டில். அத்தானுக்கு முன்பே ஓடி வந்திருக்கிறார், அக்காவிடம் சொல்ல. சொல்ல முடியாமல் சிரிப்பு.

“யக்கா, சூப்பிரண்டு எல்லாரையும் கூப்பிட்டுட்டாரு. ‘ஓய், ஒரு நட்சத்திரம்னா பாக்கலன்னு அர்த்தம். எம் புத்தகத்துக்கு ரெண்டு போட்டிருக்கீரே, பாக்கவே மாட்டேன்னா?’ன்னு கேக்காரு. அத்தான் தூண் மாதிரி நிக்கிதாரு. சூப்பிரண்டு விடல, ‘பாக்காமலே கலங்கரை விளக்கமா, வே?’ன்னாரு. பியூன்கூட சிரிச்சுட்டான்.”

அக்காவுக்கு இங்கிலீஷும் நட்சத்திர விதியும் தெரியாது. ஆனால் எல்லாம் புரிந்தது. என்னைப் பார்த்தாள். நான் அடுப்பைப் பார்த்தேன்.

அத்தான் இருட்டிய பிறகு வந்தார். சாப்பிடவில்லை. சுவருக்கு அப்பால் பேச்சு:

“திருநாள் முடிஞ்ச மறுநாள் இவள பஸ் ஏத்திரு.”

“அவ என்ன செஞ்சா?”

கட்டில் கிரீச்சிட்டது, திரும்பிப் படுத்துவிட்டார். எப்படிச் சொல்வார்? இரண்டு போடச் சொன்னது யார் என்று சொல்ல வேண்டுமே.

இரண்டு பாவாடை, தாவணி, ஜெபமாலை, பூகோளப் புத்தகம். கட்டி வைத்தாயிற்று. சத்தம் வராமல் அழுதேன்.

ஆகஸ்ட் 1, செவ்வாய்

காற்று கொஞ்சம் தணிவு.

சாயங்காலம் அத்தான் வந்து பட்டியல் சீட்டுகளின் கட்டை என் பாயில் போட்டார். சூப்பிரண்டு உத்தரவு: ஒவ்வொரு நூலையும் வரவழைத்துப் பார்த்து, பட்டியலை முழுதும் திருப்பி எழுதினால்தான் கையெழுத்து. அது வரைக்கும் கட்டுரை நகராது.

“எழுது” என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

குரல் எங்கிருந்து வந்ததோ. “சனிக்கிழமை திருநாள். ஞாயித்துக்கிழமை நான் ஊருக்குப் போணும்லா அத்தான். அதுக்குள்ள முடியாதே.”

ஒரு எட்டு முன்னால் வந்தார். அடிப்பாரோ என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன்.

“யாரு போவச் சொன்னா? முடியிற வரைக்கும் கெட.”

புத்தகங்கள் சென்னையிலிருந்தும் கொழும்பிலிருந்தும் வர வேண்டும். கப்பலெல்லாம் யுத்தத்துக்கு. எப்போது வருமோ, மாதாவுக்குத்தான் தெரியும். மார்ச் தாண்டினாலும் சரிதான்.

முதல் சீட்டை எடுத்தேன். ‘ஏ’. ஒரு பெயர் எழுதினேன். பத்திரிகைப் பெயருக்குக் கோடு போட அடிமட்டம் வேண்டும். நாளைக்குத் தேடிக்கொள்ளலாம்.